இடது சீட்டுக்கு அடியில் நிற்கும் பெட்ரோல்

மனைவி தங்கபுஷ்பம் காலமான பிப்ரவரியிலிருந்து ஞானதிரவியத்தின் காரில் பெட்ரோல் டாங்கியை விட்டுக் கிளம்பி, இடது சீட்டுக்கு அடியில் வந்து நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி கார்புரேட்டருக்குப் போவதில்லை.

நாற்பது வருஷத்துக் கார். வெள்ளிக்கிழமைக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்டி எப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்காவிட்டால் உடைக்கக் கொடுத்துவிட வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. சர்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தேடி வருகிறவர்களும் கிடையாது. காலையில் பானெட்டைத் தட்டி, "என்ன, முழிச்சாச்சா?" என்று கேட்பார். பல நாள் அதுதான் அவர் பேசுகிற முதல் பேச்சு, கடைசிப் பேச்சும் அதுதான்.

பாளையங்கோட்டையில் பழைய வண்டி பார்க்க மெக்கானிக் இசக்கிராஜை விட்டால் ஆள் இல்லை. அவன் ஃபில்டரை மாற்றினான். பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டை ஊதிச் சுத்தம் பண்ணினான். கார்புரேட்டர் மிதவையைக் கழற்றிக் காதோரம் ஆட்டிப் பார்த்து, ஓட்டை இல்லை என்றான். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறதோ என்று பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் பீடி குடித்தான். கடைசியில் இடது சீட்டைத் தூக்கி, கீழே ஓடும் குழாயைக் கழற்றினான். பெட்ரோல் அங்கே நின்றிருந்தது.

"யாரோ ஏறணும்னு நிக்கு சார்," என்றான்.

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"பொறுமையான பெட்ரோல் சார். எவ்வளவு நேரம்னாலும் நிக்கும்."

தங்கபுஷ்பம் டீச்சர் ஏறுகிற வரைக்கும் சாயங்காலம் தவறாமல் பள்ளிக்கூட வாசலில் இருபத்தாறு வருஷம் நின்று பழகிய வண்டி அது. ஆகவே ஏறுவதற்கு ஆள் தேடினார்கள். இசக்கிராஜ் உட்கார்ந்தான், பெட்ரோல் அசையவில்லை. எதிர்வீட்டு ஓமியோபதி டாக்டர் உட்கார்ந்து தும்மினார்; ரெண்டு அங்குலம் பின்னால் போய்விட்டது. ஞானதிரவியம் மனைவியின் கைப்பையைக் கொண்டுவந்து சீட்டில் வைத்தார். பெட்ரோல் ஃபில்டர் வரை ஆவலாக வந்து பார்த்தது. பை மட்டும்தான் என்று தெரிந்ததும் டாங்கிக்கே திரும்பிவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இசக்கிராஜ் சாப்பிடப் போயிருந்தான். ஞானதிரவியம் செய்வதற்கு ஒன்றுமில்லாமல், முதன்முறையாக இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஸ்டியரிங் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் என்று அவருக்கு இதுவரை தெரியாது. "எனக்கும் ஓட்டச் சொல்லிக் குடுங்களேன்" என்று தங்கபுஷ்பம் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு தடவை மைதானத்தில் வைத்து, தான் வெளியே நின்றபடி ஓட்டக் கொடுத்தார். கியர் கர்ரென்று கத்தியதும், "போதும், இறங்கு. வண்டிய உடைச்சிராத" என்று சத்தம் போட்டார். அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

"என் தப்புதான் புஷ்பம்," என்றார் இப்போது.

சீட்டுக்கு அடியில் களக் களக்கென்று சத்தம் கேட்டது. பெட்ரோல் அவரைக் கடந்து கார்புரேட்டருக்குப் போயிற்று. வலது பக்கம் யாருமில்லை. சோக் வெளியே வந்தது, கிளட்ச் மிதி இறங்கியது, என்ஜின் இரண்டு தரம் இருமிப் பிடித்துக்கொண்டது. ஞானதிரவியம் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் என்ஜின் நம்பரைச் சரிபார்த்தார். பிறகு வலது ஜன்னலில் குனிந்து, காலி சீட்டைப் பார்த்து, "ஹாரன் அடிங்கம்மா," என்றார். ஹாரன் அடித்தது. பிரேக் போடச் சொன்னார். போட்டது. காகிதத்தில் சீல் குத்தி, ஞானதிரவியத்திடம் நீட்டாமல் ஸ்டியரிங் பக்கம் வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

"வீட்டுக்குத்தானே?" என்று கேட்டார் ஞானதிரவியம்.

கார் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தூத்துக்குடி ரோட்டில் ஏறியது. மூன்றாவது கியர் விழும்போது கர்ரென்று கத்தியது. ஞானதிரவியம் ஒன்றும் சொல்லவில்லை.