பெட்ரோல் தீரவில்லை

குடும்ப ஜெபம் முடிந்து பிளெஸ்ஸி தன் மேஜைக்குத் திரும்பியபோது விமானம் கடலுக்குள் இருந்தது.

கம்ப்யூட்டர் திரையில்தான். மும்பையிலிருந்து ஏடனுக்குப் போய்க்கொண்டிருந்த, எழுபது வருஷத்துக்கு முந்தைய நான்கு எஞ்சின் பயணிகள் விமானம் அது. சித்தூரில் தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்தபடி பிளெஸ்ஸி அதற்கு ஃப்ளைட் இன்ஜினீயர். திருப்பதியில் தன் வீட்டில் உட்கார்ந்தபடி யதிராஜன் அதற்குக் கேப்டன். இண்டர்நெட் வழியாக இருவருக்கும் ஒரே காக்பிட். அவன் விமானத்தை ஓட்டுவான். எஞ்சின்களும் பெட்ரோல் டாங்குகளும் அவள் பொறுப்பு.

இன்றைய விமானத்தில் எந்த டாங்கிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதை கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்து விமானத்தில் அதற்கென்று ஓர் ஆள் வேண்டும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் இரண்டு டாங்குகள்: ஒன்று மெயின், இன்னொன்று ஆல்டர்னேட். மேலே எழும்பும்போது நான்கு எஞ்சினும் தத்தம் மெயின் டாங்கிலிருந்துதான் குடிக்க வேண்டும். உயரம் பிடித்த பிறகு லீவரைத் தள்ளி ஆல்டர்னேட்டுக்கு மாற்றி, முதலில் அதைக் காலி செய்ய வேண்டும். அது வற்றும்போது மறுபடி மெயின். இறங்கும்போது மெயினில் நிறைய இருந்தாக வேண்டும். ஓடுபாதைக்கு மேலே டாங்கு மாற்றி விளையாட முடியாது. ஒரு நேரத்தில் ஒரு எஞ்சினுக்கு ஒரு டாங்கு என்பதுதான் சட்டம். எல்லாக் குழாய்களையும் இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்று உண்டு, ஆபத்துக்கு. ஆபத்தில்லாதபோது அதைத் திறந்தால் அதுவே ஆபத்து.

இதையெல்லாம் பிளெஸ்ஸி எத்தனை பேருக்கு வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் ஃபிசிக்ஸ் டீச்சர். விளக்கிச் சொல்வதில் அவளுக்கு அலுப்பே கிடையாது.

அவள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். டிவியானாலும் விமானமானாலும் எழுந்து வந்துவிட வேண்டும். நைனா கிருபானந்தம் கதவோரம் நின்று ஒரு தடவை தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான் மணி. இப்படிக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்களின் கிளப்பில் எல்லோருக்கும் இது தெரியும். அன்றைக்கும் எழுந்து போகுமுன் மைக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"சாமி, நாலும் ஆல்டர்னேட்ல ஓடிக்கினு கீது. மூணாவது எஞ்சினோடதுதான் மொதல்ல காலியாவும். அதோட ப்ரஷர் முள்ளு ஆடிச்சின்னா அந்த ஒரே ஒரு லீவரை மெயினுக்குத் தள்ளுங்க. வேற எதையும் தொடாதீங்க."

"ஏம் பர்வாலேது டீச்சரம்மா, நான் பாத்துக்கறேன், போய்ட்டு வாங்கோ. எனக்கும் சேர்த்து வேண்டிக்கோங்கோ."

திரும்பி வந்தால் கடல்.

கிளப் குரூப்பில் யதிராஜனின் குரல் மெசேஜ் வந்து கிடந்தது. "நடுக்கடல்ல பெட்ரோல் தீந்துடுத்துப்பா. நம்ம இன்ஜினீயரம்மா ஜெபத்துக்கு எழுந்து போயிட்டா. நான் ஒண்டியா என்ன பண்றது சொல்லுங்கோ?" அதற்குக் கீழே சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக. ஒருவன், "ஜெபம் பண்ணி டாங்கை ரொப்பச் சொல்லு" என்று எழுதியிருந்தான். கடைசியில் கிளப் தலைவர் ராம்ப்ரசாத்: "ஆண்டு விழாவில் இன்ஜினீயர் சீட்டுக்கு வேறு ஆள் யோசிப்போம்."

பிளெஸ்ஸிக்குக் காது மடல் வரை சூடு ஏறியது. ஆண்டு விழாவுக்காகத் திருப்பதியில் ராம்ப்ரசாத் வீட்டு மாடியில் நிஜ அளவில் ஒரு காக்பிட் செய்திருந்தார்கள். அதில் இன்ஜினீயரின் பலகை முழுக்க அவள் வேலை. லீவர் ஒவ்வொன்றும் அவள் துளை போட்டு, வயர் இழுத்து, திருகி வைத்தது. ஊரைக் கூட்டி வைத்து அந்தப் பலகை முன்னால் உட்காரப்போகிறவள் அவள்தான் என்று ஒரு வருஷமாகப் பேச்சு. ஒரே மெசேஜில் அது போயிற்று.

பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். விமானம் தண்ணீரில் மோதிய கணத்தில் எல்லா முட்களும் அப்படியே உறைந்து நின்றன, நான்கு எஞ்சின்களுடையவையும் பூஜ்யத்தில்; லீவர்கள் மட்டும் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருந்தன. பெட்ரோல் முட்களின் மேல் கண் போயிற்று. நான்கு மெயின் டாங்குகளும் கிட்டத்தட்ட முழுசாக இருந்தன. ஏடனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் மிஞ்சும்.

பெட்ரோல் தீரவே இல்லை.

"விளையாட்டுல தானே முழுவிச்சி?" என்றார் நைனா, அவள் முகத்தைப் பார்த்து.

"பேர் முழுவிச்சி நைனா. நாளைக்குத் திருப்பதி போறேன்."

"ஆராதனை முடிஞ்சி போ."

மறுநாள் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும், கட்டியிருந்த பட்டுப் புடவையோடே பஸ் ஏறினாள். நேற்று உறைந்த அந்தத் திரையோடு லாப்டாப் மடியில். சந்திரகிரி தாண்டும்வரை மனதுக்குள் யதிராஜனைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டு ஒரு பக்கம் இருக்க, கேள்வி ஒன்று குடைந்தது. ஒரு எஞ்சின் நின்றிருந்தால் சரி, அவன் லீவரைத் தள்ள மறந்திருப்பான். நான்கும் எப்படிச் சேர்ந்து நின்றன? அது புரியாதது கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

திருப்பதி பைராகிப்பட்டெடாவில் ராம்ப்ரசாத் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யதிராஜனுடைய கல்யாண சமையல் கூடத்திலிருந்து வந்தது.

"வாங்கோ டீச்சரம்மா, சாப்டேளா?"

"துன்னுட்டுத்தான் வந்தேன்." லாப்டாப்பை அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். "பெட்ரோல் தீந்துபோச்சின்னு சொன்னீங்களே, இந்த நாலு முள்ளையும் படிங்க. சத்தமா."

யதிராஜன் எட்டிப் பார்த்தான். கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. "மெயின்ல இருந்துதா?"

"படிங்கன்னேன்."

"நான் ஒண்ணும் சும்மா இருக்கலையே! நீங்க சொன்ன முள்ளு ஆடித்து. ஒண்ணு காஞ்சா மத்தது குடுக்கட்டும்னு குறுக்குக் குழாயோட வால்வு நாலையும் திறந்து விட்டேன்."

ராம்ப்ரசாத் நிமிர்ந்தார். "நாலையுமா?"

"என் கிச்சன்ல அப்படித்தானே சார். எட்டு சிலிண்டர், ஒரே இரும்புக் குழாய், நாலு பெரிய அடுப்பு. எல்லா வால்வும் எப்பவும் திறந்தே இருக்கும். ஒரு சிலிண்டர் காலியானா அடுப்புக்குத் தெரியவே தெரியாது. சாம்பார் பாட்டுக்குக் கொதிக்கும்."

பஸ்ஸில் குடைந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிளெஸ்ஸி ஒரு கணம் கோபத்தைக்கூட மறந்தாள். தப்புதான், ஆனால் எவ்வளவு ஒழுங்கான தப்பு! சமையல் கூடத்துக்கு அது முழுக்கச் சரி. சிலிண்டருக்குள் கேஸ் அடைபட்டுத் திமிறிக்கொண்டிருக்கிறது. வழி விட்டால் தானே தள்ளிக்கொண்டு வெளியே வரும். டாங்கில் பெட்ரோல் அப்படியில்லை, குளத்துத் தண்ணீர் மாதிரி சும்மா கிடக்கும். எஞ்சினில் இருக்கும் பம்ப் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

"காலி டாங்கை மூடினீங்களா?"

"அதை எதுக்கு மூடணும்?"

மேஜை மேல் மோர் இருந்தது. ஜூஸ் பாக்கெட்டோடு வந்த ஸ்ட்ராக்கள் ஓரமாகக் கிடந்தன. இரண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். "ரெண்டையும் வாயில வெச்சிக்கோங்க. ஒண்ணு மோர்ல, இன்னொண்ணு டம்ளருக்கு வெளியில. குடிங்க."

"எதுக்கு இதெல்லாம்..."

"குடிங்க சாமி."

யதிராஜன் உறிஞ்சினான். கன்னம் குழிந்தது. கண் பிதுங்கியது. உஸ்ஸென்று காற்று வந்ததே தவிர மோர் ஸ்ட்ராவில் பாதிகூட ஏறவில்லை. இன்னும் பலமாக உறிஞ்சினான். சத்தம்தான் கூடியது. யாரோ, "சாமி, எஞ்சின் இருமுது!" என்றான். மாடி முழுக்கச் சிரிப்பு.

"வெளியில இருக்கிற ஸ்ட்ராதான் காலி டாங்கு" என்றாள் பிளெஸ்ஸி. "காத்து லேசு, பெட்ரோல் கனம். பம்ப்பு எது சுளுவா வருதோ அதைத்தான் இழுக்கும். குறுக்குக் குழாய் மூடியிருந்தா அந்தக் காத்து மூணாவது எஞ்சினோட போயிருக்கும். நீங்க திறந்து விட்டதால நாலு எஞ்சினும் காத்தைக் குடிச்சிது. அது நிக்கப் போவுதுன்னு நீங்க வேகம் கூட்டுற த்ராட்டிலை வேற முழுக்கத் தள்ளியிருப்பீங்க. எஞ்சின் இன்னும் பலமா உறிஞ்சியிருக்கும்."

யதிராஜன் வெளியே இருந்த ஸ்ட்ராவின் நுனியை விரலால் அடைத்துப் பார்த்தான். மோர் சரசரவென்று வாய்க்கு வந்தது. "அட" என்றான். "அடடே. ஒரே ஒரு விரல்!" பிறகு சிரித்தான். "சரி விடுங்கோ. விளையாட்டுதானே."

மறந்திருந்த கோபம் அந்த ஒரு வார்த்தையில் திரும்பி வந்தது, முன்னைவிடப் பெரிதாக.

"விளையாட்டா? விளையாட்டுன்னா விழுந்துச்சின்னு சொல்லிட்டுப் போறதுதானே. ஏன் என் மேல போட்டே?" இதுவரை அவனுக்கு இருந்த 'நீங்க' போய்விட்டது. "நான் எழுந்து போனேன்னு சொல்லத் தெரிஞ்சிதில்ல? இன்னா சொல்லிட்டுப் போனேன்றது மட்டும் மறந்து போச்சா? என் ஜெபத்தை வெச்சி எல்லாரும் இளிச்சீங்களே, அதுவும் விளையாட்டா? அதே குரூப்ல, அதே மாதிரி உன் வாயால சொல்லு. இப்போ."

"ஊருகோ அம்மா, விட்டுடு" என்றார் ராம்ப்ரசாத். "இப்ப சாப்பிடற நேரம். அடுத்த மீட்டிங்ல நிதானமா பேசலாம். பெரிசு பண்ணாதே."

பிளெஸ்ஸி லாப்டாப்பை மூடினாள். நேராகக் காக்பிட்டுக்குப் போனாள். டூல் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பட்டுப் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்ஜினீயர் பலகையின் மேல் மூலைத் திருகைக் கழற்றத் தொடங்கினாள்.

"அம்மா! ஏம் சேஸ்துன்னாவு? என்ன பண்றே?" என்றார் ராம்ப்ரசாத்.

"என் பலகை சார். வேற ஆள் யோசிக்கிறேன்னீங்களே, அந்த ஆளையே வேற பலகையும் செஞ்சிக்கினு வரச் சொல்லுங்க."

முதல் திருகு தரையில் விழுந்து உருண்டது. யதிராஜன் கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தான்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். நேத்திக்கு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சின்ன கம்யூனிகேஷன்..."

இரண்டாவது திருகும் விழுந்தது.

அவன் நிறுத்தினான். பேசியதை அழித்தான். பலகை ஒரு பக்கம் சரிந்து வயர்களில் தொங்குவதைப் பார்த்தான். அவள் நிறுத்தமாட்டாள் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. திரும்பவும் போனை வாய்க்கருகே கொண்டுபோனான்.

"யதிராஜன் பேசறேன். நேத்திக்கு பெட்ரோல் தீரலை. மெயின் டாங்க்ல நிறைய இருந்துது. பிளெஸ்ஸி டீச்சரம்மா எந்த லீவரைத் தள்ளணும்னு சொல்லிட்டுத்தான் போனா. நான் அதைச் செய்யாம வேற எதையோ திறந்தேன். நான்தான் முழுக அடிச்சேன். அவ பேர்ல போட்டது தப்பு."

அனுப்பினான். சிரித்த மஞ்சள் முகங்களில் ஒன்றுகூட வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒருவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

ராம்ப்ரசாத் குனிந்து இரண்டு திருகையும் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். "சீட்டு உன்னோடதும்மா. சந்தோஷமா?"

"சந்தோஷம்லாம் இல்ல சார். சீட்டு என்னுது, அவ்ளோதான்." பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்தினாள்.

"அப்போ கேப்டன்?" என்று தயங்கினான் யதிராஜன். "வேற யாரையாவது போட்டுக்கறேளா?"

பிளெஸ்ஸி திருகை இறுக்கிக்கொண்டே யோசித்தாள். கிளப்பில் இவனைப் போல அலுங்காமல் இறக்குகிறவன் வேறு யாரும் இல்லை. ஊர் பார்க்கிற அன்றைக்கு விமானம் தரையில் தடதடவென்று குதித்தால் அதுவும் தன் பலகைக்குத்தான் அவமானம்.

"நீயே ஓட்டு. டாங்கு பக்கம் கை வந்துச்சின்னா ஸ்க்ரூ டிரைவராலயே குத்துவேன்."

"வராது." கேப்டன் சீட்டில் உட்காராமல் அவள் பக்கத்திலேயே நின்றான். "கோவம் போச்சா டீச்சரம்மா?"

"போவல. தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது."