வாளை இல்லை

எங்கள் துறையில் எனக்குத் ‘தற்காலிகம்’ என்றுதான் பெயர். சாராள் என்று அப்பா வைத்த பெயர் கோப்புகளில் அதற்குப் பின்னால் வரும். விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்து, மீன்வள ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து, சென்னை ஆய்வகத்தில் செத்த மீன்களை ஜாடியில் அடைத்துச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். பெண்பிள்ளைக்கு ஏரியும் சேறும் ஒத்துவராது என்பது மேலே இருந்தவர்களின் முடிவு. யாரும் என்னைக் கேட்டு அப்படி முடிவு செய்யவில்லை.

நான் விடாமல் எழுதிப் போட்டதில் சலித்துப்போய் 1957-இல் ஓசூருக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் தொட்டகெரெ என்றொரு கிராமம். கன்னடத்தில் தொட்டகெரெ என்றாலே பெரிய ஏரிதான். அந்த ஊர் ஏரியைத் தமிழ் பேசுகிறவர்கள் தொட்டகெரெ ஏரி என்பார்கள். ஒரே ஏரியை இரண்டு தரம் சொல்கிறோம் என்று யாருக்கும் தோன்றாது. அந்த ஏரியில் கட்லா மீன்குஞ்சு விட்டு வளர்த்துக் காட்ட வேண்டும். வளர்ந்தால் வேலை நிரந்தரம், வளராவிட்டால் மறுபடியும் ஜாடி. இதை எழுத்தில் கொடுக்காமல் வாயால் சொல்லி அனுப்பினார்கள்.

எனக்கு மேலதிகாரி ஐசக் சார். திருநெல்வேலிக்காரர், தூத்துக்குடிக் கடலில் பாதி வயதைக் கழித்தவர். கடல் மீனைப் பற்றி எது கேட்டாலும் சொல்வார். ஏரி மீன் அவருக்குக் கொஞ்சம் இளப்பம். மனிதர் கெட்டவரில்லை, அவசரக்காரர். நான் வந்து சேர்வதற்கு முன்பே ஏரியைச் சோதித்து அறிக்கையும் அனுப்பிவிட்டிருந்தார்.

ஏரியில் குஞ்சு விடுமுன் முக்கியமாகப் பார்க்க வேண்டியது வாளை மீன் இருக்கிறதா என்பதுதான். வாளைக்கு வாய் கண்ணையும் தாண்டிக் கிழிந்திருக்கும். வயிறு நிறைந்தது என்பதே அதற்குத் தெரியாது. அது இருக்கிற ஏரியில் குஞ்சு விடுவது அதற்குப் பந்தி போடுவதுதான். ஐசக் சார் வலை வீசிப் பார்த்து, ஊர்க்காரர்களையும் விசாரித்து, ‘வாளை இல்லை, சென்ற ஆண்டு வறட்சியில் முற்றிலும் அழிந்துவிட்டது’ என்று எழுதியிருந்தார். முற்றிலும் என்ற சொல் எனக்கு உறுத்தியது. சேறு இருக்கிற இடத்தில் வாளை அவ்வளவு சுலபத்தில் அழியாது.

ஆடிக் கடைசியில், குஞ்சுகள் கோதாவரிக் கரையிலிருந்து ரயிலேறிவிட்டன என்று தகவல் வந்த அன்று நான் ஏரிக்குப் போனேன். மதகடியில் கெம்பம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஏரியில் தூண்டில் போட்டு, ஓசூர்ச் சந்தையில் விற்கிறவள். அவள் காலடியில் கிடந்த தலையைக் குனிந்து எடுத்துப் பார்த்தேன். அந்த வாயை நான் எத்தனையோ ஜாடிகளில் அடைத்திருக்கிறேன்.

“இது இந்த ஏரியிலயா புடிச்சீங்க?”

“வேற எங்க போறது? இங்கதான்.”

“இதுக்குப் பேரு என்ன?”

“பாளெ மீனு.”

“வாளை இல்லைன்னு எங்க ஐயாகிட்ட யாரோ சொல்லியிருக்காங்களே.”

“நான்தான் சொன்னேன்.” அவள் கத்தியை நிறுத்தவில்லை. “பாளெ இருக்குதான்னு கேட்டாரு. போன வருசம் தோட்டம் பூரா இருந்துச்சு, வெயில்ல எல்லாம் ஒணகிப்போச்சுன்னு சொன்னேன். பாவம், எலைக்குக் கேக்கறாரு போலன்னு நெனச்சேன். மீனுன்னு அவரு வாயில வரவேயில்லம்மா.”

கன்னடத்தில் வாழையும் பாளெ, வாளையும் பாளெ. ஐசக் சாரின் நாக்கிலோ ‘ழ’ என்ற எழுத்தே கிடையாது. அவருக்கு வாழைப்பழமும் வாளப்பளம்தான். அவர் மீனைக் கேட்டார், அவள் மரத்தைச் சொன்னாள். இருவரும் திருப்தியாகக் கும்பிட்டுப் பிரிந்திருக்கிறார்கள்.

அவரிடம் போய்ச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. உடனே சென்னைக்குத் தந்தி எழுத உட்கார்ந்தார். விஞ்ஞானப் பெயரைப் போடுங்கள் என்று சொன்னேன். “வாளையத் தெரியாதவன் மீன் ஆபீசுல இருப்பானாம்மா?” என்று தள்ளிவிட்டார். தந்தியோ ஆங்கிலத்தில் போக வேண்டும். ஆங்கில எழுத்தில் வாளைக்கும் வாழைக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். ‘வாலை’யை ‘வாலை’ என்று தவறாகக் கொண்டுவிட்டோம், குஞ்சு விடுவதை நிறுத்தவும் என்று சென்னையில் படித்திருப்பார்கள். மறுநாளே பதில் வந்துவிட்டது. ‘தந்தி விளங்கவில்லை. ஏற்பாட்டின்படி விடவும்.’

“இன்னொரு தந்தி குடுப்போம் சார்.”

“அதுக்குள்ள லாரி வந்துரும். சேலத்துலருந்து பெரிய அதிகாரி வாராரு, பந்தல் போட்டாச்சு. விடச் சொல்லி உத்தரவு வந்துட்டு. நாம விட்டுருவோம், பொறவு கடவுள் விட்ட வழி.”

“உத்தரவு வந்தது வாளைக்குத் தெரியுமா சார்?”

அவர் குடையை எடுத்துக்கொண்டார். அதிகாரியை எதிர்கொள்ளக் கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியை உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

வீங்கின காலோடு, ஏரிக்கரையோரம் நிலம் வைத்திருந்த நாராயணப்பன் வீட்டுக்கு நடந்தேன். ஏரிக்கரையை உயர்த்த அவர் நிலத்தில் மண் எடுத்த பள்ளம் குளமாகிக் கிடந்தது. கோடையில் வெட்டியது, மழைத்தண்ணீர் மட்டும்தான். வலை இழுத்துப் பார்த்திருந்தேன், தவளையைத் தவிர ஒன்றுமில்லை.

“மீனா? எங்க வூட்டுல யாரும் வாயில வெக்கறதில்லம்மா” என்றார் நாராயணப்பன்.

“அதனாலதாங்க உங்ககிட்ட வந்தேன்.”

என் வீங்கின காலைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “சரி, வுடு. தண்ணி நாறுச்சுன்னா நீதான் வந்து எறைக்கணும்.”

சானமாவுக் காட்டருகே யானை குறுக்கே நின்றதால் ரயிலடியிலிருந்து குஞ்சுத் தகரங்களோடு வர வேண்டிய லாரி தாமதமாக வந்தது. மூடியைத் திறந்தால் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இன்னும் கொஞ்சம் நேரம் தகரத்துக்குள் இருந்தால் வாளைக்குக்கூட வேலை இருக்காது. இரண்டே தகரங்களை விழாவுக்கு ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் நாராயணப்பன் குளத்தில் விடச் சொன்னேன். ஓட்டுநர் மாதப்பன் தயங்கினார். “கையெழுத்து நான் போடறேன். கேட்டா என்னைக் காட்டுங்க” என்றேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அரசாங்க மீனைத் தனியார் குளத்தில் விட்டவளை ஜாடி கழுவக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

விழா அமோகமாக நடந்தது. அதிகாரி மாலையோடு படித்துறையில் இறங்கி, ஒரு தகரத்தைச் சாய்த்தார். குஞ்சுகள் விழுந்த இடத்தில் தண்ணீர் ‘தளக்’ என்று புரண்டது. இன்னொரு தரம், பக்கத்திலேயே இன்னொன்று.

“பாருங்கள், விட்டவுடனே எப்படித் துள்ளுகின்றன” என்றார் அதிகாரி.

எல்லோரும் கை தட்டினார்கள். ஐசக் சாரும் தட்டினார், என்னைப் பார்க்காமல். நான் தட்டவில்லை. அந்த இரண்டு தகரக் குஞ்சுகளுக்காக எனக்குத் துக்கமாக இருந்தது. அவற்றைப் பலி கொடுத்தது நான்தான்.

ஊரில் விஷயம் எத்தனை நாள் மறைந்திருக்கும்? தை மாதம் சென்னையிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுச் சேறு படாமல் கரையில் நின்றுகொண்டு, “அரசாங்கச் சொத்தைத் தனியார் நிலத்தில் போட்டீர்களா?” என்று கேட்டார்.

“போட்டேன்.”

“யார் உத்தரவின் பேரில்?”

“யார் உத்தரவும் இல்லை. ஏரியில் வாளை இருந்தது.”

“இல்லை என்றல்லவா அறிக்கை இருக்கிறது?”

நான் வாயைத் திறக்குமுன் ஐசக் சார் முன்னால் வந்தார். அவருடைய பதவி உயர்வு அந்த மாதம் முடிவாக வேண்டியிருந்தது, எனக்குத் தெரியும். “அது என் தப்பு சார். மீனக் கேட்டேன், அவங்க மரத்தச் சொல்லிட்டாங்க. என் நாக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான். இந்தப் பிள்ளை நிறுத்தச் சொன்னா, நான்தான் கேக்கல.” அத்தனை மாதமாக அவர்மேல் வைத்திருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

வந்தவர் இரண்டு இடத்திலும் வலை இழுக்கச் சொன்னார். ஏரியில் கொழுத்த வாளைகள் வந்தன, கட்லா பேருக்குக்கூட இல்லை. நாராயணப்பன் குளத்தில் வலையை இழுத்தவர்கள் பாரம் தாங்காமல் சரிந்தார்கள். முழங்கை நீளக் கட்லாக்கள் வெயிலில் புரண்டன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. வந்தவரின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. அவர் அதைக் கவனிக்காமல் ஒரு மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார்.

உத்தரவு பங்குனியில் வந்தது. ஐசக் சாருக்கு அந்த வருடம் பதவி உயர்வு இல்லை. நாராயணப்பனின் குளத்தைத் துறை குத்தகைக்கு எடுத்து நிரந்தர மீன் பண்ணையாக்கியது. அங்குள்ள மீன்கள் நிரந்தர இருப்பாகக் கணக்கில் சேர்க்கப்பட்டன. கடைசியில் நான். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, மறு உத்தரவு வரும் வரை, தற்காலிகமாக.

கரையில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். கெம்பம்மா மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

“மீனுக்கெல்லாம் வேலை நிரந்தரமாயிடுச்சு.”

“உங்களுக்கு?”

“அதுங்களுக்குத் தவிடு போடற வேலை.”