திரும்பி வரும் நேரம்

விமானங்களுக்குப் பாதை போட்டுக் கொடுப்பது என் வேலை. அலுவலகம் ஊருக்குள் இருக்கிறது. விமான நிலையம் காரில் நாற்பது நிமிடம்.

என் மனைவியின் அக்கா வாழும் நகரம் இங்கிருந்து ஒன்பதாயிரத்து நானூறு கிலோமீட்டர். போகப் பதினோரு மணி நாற்பது நிமிடம். வரப் பதின்மூன்று மணி நேரம். வரும்போது காற்று எதிரே அடிக்கும். இதைச் சொன்னபோது என் மகள் சிட்டு சாப்பிடுவதை நிறுத்தினாள். ஐந்து வயது.

"வரும்போது காத்து நம்மள வேணாம்னு தள்ளுமாப்பா?"

"அத வரும்போது பாத்துக்கலாம்டி" என்றார் அக்கா, சிட்டுவின் பெரியம்மா.

மனைவி இறந்து நான்கு மாதம். அன்று வந்த அக்காதான் வீட்டைப் பார்த்துக்கொண்டார். அவர் நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். எதையும் படிக்கவில்லை. விடுமுறைக்கு ஒரு மாதம் சிட்டுவை அழைத்துப் போகிறேன் என்றார். சரி என்றேன். தடுப்பூசி அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். அவர் வாங்கி வந்த குளிர்கோட்டின் கைகளுக்குள் சிட்டுவின் விரல்கள் காணாமல் போயின. வளர்கிற பிள்ளைதானே தம்பி என்றார். ஒரு மாதத்தில் எவ்வளவு வளர்வாள் என்று கணக்குப் போடத் தோன்றவில்லை. கணக்குப் போட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

இன்று அவர்கள் ஏறும் விமானத்துக்கும் நானே பாதை போட்டேன். புறப்பாடு மூன்று ஐந்து. பின்காற்று பலமாக இருந்தது. எட்டு நிமிடம் மிச்சம்.

இரண்டு மணிக்குச் சிட்டுவின் பள்ளி எழுத்தர் போனில் கூப்பிட்டார். மாற்றுச் சான்றிதழை அக்கா போன வாரமே வாங்கிப் போய்விட்டாராம், நான் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்து. அடுத்து எந்தப் பள்ளி என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறதாம்.

அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆறு முறை.

இரண்டரைக்கு ஒரு புது எண். விமான நிலையத்தில் கடவுச்சீட்டு பார்க்கும் அதிகாரி.

"பாப்பாவோட அப்பாவா? அனுமதிக் கடிதத்துல திரும்பி வர்ற தேதி இல்ல சார். சொன்னீங்கன்னா எழுதிக்கிறேன்."

"அவ போகல. நான் வர்றேன்."

போன் கைமாறியது.

"தம்பி." அக்காவின் குரல் உயரவே இல்லை. "இந்த நாலு மாசத்துல ஒரு நாளாவது அவளுக்குத் தலை வாரி விட்டிருக்கீங்களா?"

"இல்லக்கா. ஆனா அவ போகல."

தொடர்பு அறுந்தது.

கார் சாவியைத் தேடி எடுத்தேன். எதிர் மேசைக்காரரைக் கஞ்சர் என்போம். ஒரு லிட்டர் எரிபொருள்கூட அதிகமாக ஏற்ற விடமாட்டார். திரையைப் பார்த்துக்கொண்டே என்னை நிறுத்தினார்.

"உன் மூணு அஞ்சுல ஆள் குறையுதுப்பா. ஒரு குழந்தை."

"கூட வந்தவங்க?"

"அவங்க ஏறியாச்சு. குழந்தை மட்டும்தான், கடவுச்சீட்டு மேசையிலேயே நிக்குதாம்."

மணி இரண்டு முப்பத்தெட்டு. விமான நிலையம் காரில் நாற்பது நிமிடம், சாலை விட்டால்.