திரை ஊதிப் பெருத்த காலை

முசூசு நகரத்து வானொலி நிலையத்தில் மதியச் செய்தி வாசிப்பவள் தவோங்கா. வாசிப்பவள் என்று ஊர்தான் நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அவள் ஒரு வரிகூட வாசித்ததில்லை. பிறவியிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமில்லாத உடம்பு அவளுக்கு. கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி போட்டும் அரைப் பார்வைதான். கணினித் திரையில் மூக்கு இடிக்கும்வரை குனிந்தால் ஓரிரு சொல் தெரியும். ஆனால் மூக்கை அங்கே வைத்துக்கொண்டு மைக்கில் எப்படிப் பேசுவது?

அதனால் ஒரு ஏற்பாடு இருந்தது. பக்கத்து அறையில் உட்கார்ந்து தோழி தெம்வா செய்தியைக் கிசுகிசுப்பாள். அது தவோங்காவின் காதுக் கருவியில் விழும். ஒரு மூச்சு பின்தங்கி, அதைத் தன் கணீர்க் குரலில் அவள் ஊருக்குச் சொல்வாள். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு முறை, "நிதியமைச்சர் நேற்று தலைநகரில்... ஐயோ, பல்லி!" என்று நாடே கேட்கச் சொல்லிவிட்டாள். பல்லி விழுந்தது தெம்வாவின் மேல். பெயர் கெட்டது அமைச்சருக்கு.

அன்று காலை தெம்வா வரவில்லை. கடைவாய்ப் பல் வீங்கி, போனில் அவள் பேசியது ஒன்றும் விளங்கவில்லை.

"அப்ப செய்திய நானே படிச்சிடறேன்" என்றார் நிலையத் தலைவி மேடம் கோண்ட்வே.

ஒலிப்பதிவாளன் கும்போ கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தலையில் கை வைத்துக்கொண்டான். போன தடவை மேடம் செய்தி படித்தபோது, செத்துப்போனது யார் என்று கேட்டு ஊரே போன் செய்தது. அன்று அவர் படித்ததோ காப்பி அறுவடைச் செய்தி.

"வேணாம் மேடம், நான் எப்படியாச்சும் மனப்பாடம் பண்ணிடறேன்" என்றாள் தவோங்கா.

மனப்பாடம் செய்யவும் முதலில் படித்தாக வேண்டுமே. திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். விசைப்பலகை முழுக்க யாரோ தின்ற மந்தாசி என்ற பொரித்த மாவுருண்டையின் எண்ணெய்த் தூள். துணியை எடுத்து இடமும் வலமும் அழுத்தித் துடைத்தாள். எந்தப் பொத்தானோடு எந்தப் பொத்தான் சேர்ந்து அழுந்தியதோ, திரையே ஒரு முறை குப்பென்று ஊதிப் பெருத்தது. இன்னொரு தேய்ப்பு. இன்னும் பெருத்தது.

"போச்சு! வைரஸ் வந்துடுச்சு!" மேடம் அலறினார். "வயரப் பிடுங்குடா கும்போ!"

"யாரும் தொடாதீங்க!" தவோங்கா இரண்டு கையாலும் திரையைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு எதிரே, சாய்ந்து உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிற மாதிரி, கோழிக்குஞ்சு அளவில் ஒரு எழுத்து நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. "மே... ம... மழை! மேடம், மழைன்னு போட்டிருக்கு! நான் மூக்க வைக்கவே இல்ல, பாருங்க, மூக்கு இங்க இருக்கு!"

"உன் மூக்கு எங்க இருந்தா எனக்கென்னடி, மெஷின் வீங்கிப் போச்சே! ரிப்பேர்காரனக் கூப்பிடறேன்."

"அவன் வந்தா சரி பண்ணிடுவான் மேடம்! கூப்பிடாதீங்க!"

கும்போ உள்ளே ஓடி வந்தான். அவன் வருவதை அவள் எப்போதும் செருப்புச் சத்தத்தில்தான் அறிவாள். திரையின் மூலையில் கூட்டலும் கழித்தலுமாக ஒரு குட்டிப் பெட்டி முளைத்திருந்தது. அதை அவன் உற்றுப் பார்த்தான். "இது வியாதி இல்ல மேடம். கண்ணு மங்கலா இருக்கறவங்களுக்குன்னே உள்ள வச்சிருக்கான். இத்தன வருஷமா இதுக்குள்ளயே கெடந்திருக்கு, நாமதான் தட்டிப் பாக்கல."

"ஆனா வெள்ளை குத்துது" என்றாள் தவோங்கா. கண்ணில் நீர் கட்டியிருந்தது. "நடு வெயில்ல தொப்பி இல்லாம நிக்கற மாதிரி இருக்கு."

அவன் பெட்டிக்குள் துழாவினான். நிறத்தைத் திருப்பிப் போட ஓர் இடம் இருந்தது. தட்டினான். வெள்ளை மொத்தமும் கறுப்பானது. கறுப்பாயிருந்த எழுத்தெல்லாம் வெளிச்சமாகி மேலே வந்தது. தவோங்காவின் தோள் தானாகத் தளர்ந்தது. "ஆ" என்றாள், வெயிலில் வந்தவள் தண்ணீர்ப் பானையைக் கண்டதுபோல. சுட்டும் அம்பையும் அவன் மாங்காய் அளவுக்கு ஆக்கி, மஞ்சள் பூசிக் கொடுத்தான்.

உடனே ஒத்திகை. தவோங்கா நிமிர்ந்து உட்கார்ந்து கணீரென்று ஆரம்பித்தாள்: "கால்நடை மருத்துவர்கள் நேற்று அமைச்சருக்குத் தடுப்பூசி..."

அதோடு திரை முடிந்துவிட்டது.

"அமைச்சருக்கேவா?" மேடம் நெஞ்சில் கை வைத்தார்.

அம்பை இழுத்துப் போனதும் மீதி வந்தது: "...முகாமைச் சுற்றிக் காட்டினர்." அதற்குள் வரி எங்கே ஆரம்பித்தது என்று தொலைந்துவிட்டது. கும்போ விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே வழியும் கண்டான். "ஊதுறத இப்ப நிறுத்திடுவோம். செய்தியோட எழுத்த மட்டும் பெருசாக்கினா, வரி தானா மடங்கிக் கீழ வந்துடும். ஓரத்துக்கு ஓடாது." எழுத்தைப் பெரிதாக்கித் தடிக்க வைத்தான். வரிகள் மடங்கி, திரைக்குள்ளேயே அடங்கி, கீழே கீழே இறங்கின. தவோங்கா சுட்டெலியின் சக்கரத்தை விரலால் உருட்டினாள். செய்தி அவள் சொன்னபடி கேட்டது. நின்றால் நின்றது, உருட்டினால் வந்தது.

மணி பன்னிரண்டு. சிவப்பு விளக்கு எரிந்தது.

காதில் கிசுகிசு இல்லை. அந்த அமைதியே முதலில் பயமாக இருந்தது. பிறகு முதல் வரி. பிறகு இரண்டாவது. மூன்றாவது வரி வருமுன்பே அது என்னவென்று கண் எட்டிப் பார்த்துவிட்டது. தன் வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு அடுத்த சொல் முன்கூட்டியே தெரிந்தது! எங்கே நிறுத்தலாம், எங்கே குரலை ஏற்றலாம் என்பதெல்லாம் அவள் இஷ்டம். கருணைக்கிழங்கு விலையைக்கூட கல்யாணச் சேதிபோல வாசித்தாள். கடைசியில் எழுத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்: "இன்று வானம் மிக நன்றாக இருக்கிறது, எல்லோரும் வெளியே போய்ப் பாருங்கள்."

விளக்கு அணைந்த கையோடு போன் அடித்தது. தெம்வா. வீங்கிய வாயோடு கத்தினாள்: "யாவுடி உன் காதுல ஓதுனது? எவ அவ?"

"எவளும் இல்லடி! நானே படிச்சேன்!"

"பொய்யி!"

"சத்தியமா! நீ பல்லப் பிடுங்கிட்டு வா, உனக்கே படிச்சுக் காட்டறேன்."

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கணினியில் இருந்ததையெல்லாம் திறந்தாள், ஊதினாள், சிரித்தாள். நிலையத்தின் ஆண்டுவிழாப் படங்கள் கிடைத்தன. மேடத்தின் புதுச் சட்டையில் விலைச்சீட்டு தொங்குவதைக் கண்டுபிடித்தாள். "ஐயோ, அன்னிக்குப் பூரா இதோடவா சுத்தினேன்?" என்று மேடம் முகத்தை மூடிக்கொண்டார். தெம்வா எல்லாப் படத்திலும் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

பிறகு கும்போவின் முகம் வந்தது. எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவன் மட்டும் பக்கவாட்டில் பார்த்தான். அவன் பார்வை போன திசையில் அம்பை நகர்த்தினாள். அங்கே தொப்பியோடு அவளே நின்றிருந்தாள். அடுத்த படம். இவன் திரும்பி நிற்கிறான், இவளைப் பார்க்கிறான். அடுத்ததில் கேக் வெட்டுகிறார்கள். கேக்கை யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவன் பார்த்தது கேக்கை இல்லை.

கும்போ பாய்ந்து வந்து கழித்தல் பொத்தானைத் தட்டப்போய்ப் பதற்றத்தில் கூட்டலைத் தட்டினான். திரை முழுக்க அவனுடைய ஒற்றைக் கண், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, தவோங்கா இருக்கும் பக்கமே திரும்பியிருந்தது.

மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

"எத்தன நாளா?" என்றாள் தவோங்கா.

"நீ வேலைக்குச் சேந்த நாள்லேருந்து."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? என் காது நல்லாத்தானே கேக்குது?"

"சொல்லலாம்னுதான் வருவேன். நீ தலைய நிமுத்தாமலே 'கும்போ, மைக் சத்தத்தக் கொற'ன்னுவ. நானும் கொறச்சிட்டுப் போயிடுவேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். அவனும் வெட்கம் விட்டுச் சிரித்தான்.

"கிட்ட வா" என்றாள். "இன்னும். இன்னும் கிட்ட. திரையில பாத்தது போதும்."

வந்தான். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஆடும் கண்களால் அவன் முகத்தை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள். மேல்வரிசைப் பல்லில் ஓர் இடைவெளி இருந்தது. அது அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது.

அன்று மதியம் இருவரும் சந்தைக்குப் போய் வறுத்த உசிப்பா மீனும் இன்சிமாக் களியும் ஒரே தட்டில் வாங்கிச் சாப்பிட்டார்கள்.