ஒன்றாய்க் கட்டிய இரண்டு டிஸ்க்

ஜனவரி பிறந்ததும் ஜோவிதாவின் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. கல்யாண வீடியோவில் பாதிரியார் கையைத் தூக்கினால், அது கீழே இறங்க அரை நிமிடம் ஆனது. அவர்கள் இருந்த இலோயிலோ நகரத்து ஹாரோவில் கந்தெலாரியா மாதா திருவிழாவுக்கு இன்னும் மூன்றே வாரம். அதற்குள் நான்கு கல்யாணங்களையும் ஒரு பதினெட்டாம் பிறந்தநாளையும் வெட்டி ஒட்டிக் கொடுத்தாக வேண்டும். படம் பிடிப்பது தம்பி ரோமுலோ, வெட்டி ஒட்டுவது அக்கா. ஒரே ஹார்டு டிஸ்க்கில் எல்லாவற்றையும் திணித்தால் அது மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? இன்னொன்று வாங்கு, இன்னொன்று வாங்கு என்று ரோமுலோ ஒரு மாதமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

அந்த ஒரே டிஸ்க்கில்தான் எர்லிந்தாவும் இருந்தாள்.

எர்லிந்தா நவம்பரில் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவள். புருஷன் எலாடியோவுக்குச் சரக்குக் கப்பலில் என்ஜின் வேலை. கப்பல் அப்போது நடுக்கடலில். சாவதற்கு ஐந்து நாள் முன்னால் அவள் ஜோவிதாவுக்கு ஆள் அனுப்பினாள். ரோமுலோ வர வேண்டாம், ஆம்பிளை முன்னால் பேச்சு வராது என்று சொல்லிவிட்டாள். அதனால் ஜோவிதாவே கேமராவைப் பிடித்தாள். எர்லிந்தா தலையணையில் சாய்ந்து, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு, தன் புருஷனிடம் நாற்பது நிமிடம் பேசினாள். அதன் பிறகு எட்டு நாள் சவப்பெட்டியை வீட்டில் வைத்திருந்ததையும் அடக்கத்தையும் ரோமுலோ எடுத்தான். இலோயிலோவில் கடலோடி வீட்டுச் சாவு என்றால் இப்படித்தான். வர முடியாதவனுக்குப் பதிலாகக் கேமரா வந்து நிற்கும்.

கப்பல் துறைமுகம் சேர்ந்ததும் எலாடியோ ஜோவிதாவுக்குப் போன் செய்தான். மற்றவர்களைப் போல அவனும் அவளை மானாங் என்று, அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"அதைக் கப்பலுக்கு அனுப்பாதீங்க மானாங். இங்க வச்சுப் பாத்தேன்னா கடல்ல குதிச்சிருவேன். ஜூன்ல ஒப்பந்தம் முடியுது. வீட்டுக்கு வந்து பாத்துக்கறேன். அதுவரைக்கும் பத்திரமா வச்சிருங்க."

பத்திரமாக வைத்திருப்பதாக ஜோவிதா வாக்குக் கொடுத்தாள்.

கம்ப்யூட்டர் கடை வில்சன் நல்லவன், வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் மூன்று வழி சொன்னான். சுழலும் தட்டே இல்லாத புதுவகை டிஸ்க் ஒன்று, அது பறக்கும், ஆனால் அவள் கொண்டுவந்த பணத்துக்குக் கையளவு இடம்தான் கிடைக்கும். இல்லையென்றால் மெதுவாகச் சுழலும் பெரிய டிஸ்க், இருப்பதையெல்லாம் அதில் ஒரு நகல் போட்டு வைக்கலாம், ஆனால் வேலை வேகமாக நடக்காது. மூன்றாவது வழி, பழையதைப் போலவே இன்னொன்று வாங்கி இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவது. ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டாக்கி, இதில் ஒன்று அதில் ஒன்று என்று மாற்றி மாற்றி எழுதும். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் வண்டி ஓடத்தானே செய்யும் என்றான்.

"ஆனா ஒண்ணு மானாங். இதுல ஒண்ணு செத்தா இன்னொண்ணும் செத்த மாதிரிதான். உங்களுக்கு வேகம் வேணுமா, பத்திரம் வேணுமா?"

"இப்போதைக்கு வேகம்டா. திருவிழா முடியட்டும், நகலுக்குன்னு மூணாவதா ஒண்ணு வாங்கிக்கறேன்."

அவன் சொன்னது காதில் விழவில்லை என்று பின்னால் அவள் யாரிடமும் சாதிக்க முடியாது. நன்றாகவே விழுந்தது.

இரண்டையும் கட்டுவதற்கு முன் பழைய டிஸ்க்கைத் துடைக்க வேண்டும். வில்சன் எல்லாவற்றையும் கடையிலிருந்த டிஸ்க் ஒன்றில் ஏற்றி வைத்துக்கொண்டு, கட்டி முடித்ததும் திரும்ப இறக்கிக் கொடுத்தான். அதனால் இரண்டு நாள் எர்லிந்தா இரண்டு இடத்தில் இருந்தாள். மூன்றாம் நாள், கடை டிஸ்க் வேறொருவருக்கு வேண்டும், அழிக்கட்டுமா என்று போனில் கேட்டான். ஒரு மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை மறைத்துக்கொண்டிருந்த ஜோவிதா, அழித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் பருவுக்குத் திரும்பினாள். கேமராவில் படம் பதிவாகும் அட்டைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு விசேஷத்துக்கும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எடுப்பதுதான் அவர்கள் வழக்கம். எர்லிந்தா பேசிய அட்டையில் டிசம்பரிலேயே யாரோ கேக் வெட்டிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் பறந்தது. திருவிழா முடிந்தது, பள்ளிக்கூடப் பட்டமளிப்பு வந்தது, அதுவும் போனது. மூன்றாவது டிஸ்க் மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பழைய டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. வில்சன் வந்து காதை வைத்துக் கேட்டான். அன்றைக்கே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜோவிதா சண்டையாவது போட்டிருப்பாள். புது டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை. அதில் எர்லிந்தா ஒன்று விட்டு ஒரு துண்டாக இருந்தாள், எந்தத் துண்டும் தனியாக எதற்கும் உதவாது. இறந்த டிஸ்க்கை மணிலாவுக்கு அனுப்பினார்கள். உள்ளே தட்டு உராய்ந்து பொடியாகிவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்று மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது.

ரோமுலோ வீடு வீடாக அலைந்து சொந்தக்காரர்களின் போன்களிலிருந்து சவப்பெட்டி, ஜெபம், இரவில் கண்விழிக்க ஆடிய சீட்டாட்டம், அடக்கம் எல்லாவற்றையும் சேர்த்தான். அந்த நாற்பது நிமிடம் யார் போனிலும் இல்லை. அறையில் இருந்ததே இரண்டு பேர்தானே.

ஜூன் மாதம் எலாடியோ வந்தான். மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு பை நிறையச் சாக்லேட்டும் வாசனைக் களிம்பும் ஜோவிதாவுக்கென்று கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஜோவிதா அந்தப் பையைத் தொடவில்லை. அவன் உட்காருவதற்குள் சொல்லிவிட்டாள். டிஸ்க்கின் மேலும் பழி போடவில்லை, வில்சன் மேலும் போடவில்லை.

"தப்பு என்னோடது. வேகம் போதும்னு நான்தான் சொன்னேன்."

எலாடியோ கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம்கூட இல்லையா என்று கேட்டான். இல்லை என்றாள். கத்துவான், எதையாவது தூக்கிப் போட்டு உடைப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"நீங்கதானே கேமரா புடிச்சீங்க. அவ என்ன சொன்னான்னு சொல்லுங்க."

ஜோவிதா சொன்னாள். மகளைக் கன்னியாஸ்திரிகள் பள்ளியிலேயே படிக்க வைக்கச் சொன்னதைச் சொன்னாள். சமையலறைக் கூரையில் மழைக்கு முன் தகடு மாற்றச் சொன்னதை, வேறு கல்யாணம் செய்துகொண்டாலும் எதிர்வீட்டுக்காரியை மட்டும் வேண்டாம் என்றதைச் சொன்னாள். எலாடியோவின் உதடு லேசாக விரிந்து, உடனே மூடிக்கொண்டது.

"என்னைத் திட்டலையா?"

"இல்ல."

"பதினோரு வருஷம் அவகூட குடும்பம் நடத்தியிருக்கேன் மானாங். நாப்பது நிமிஷம் திட்டாம அவளால இருக்க முடியாது."

ஒன்பது நிமிடம் திட்டியிருந்தாள். அதை வெட்டிவிடுவது என்று ஜோவிதா எடுத்த அன்றைக்கே முடிவு செய்திருந்தாள். இத்தனை வருடத்தில் எத்தனை அழுகையை, எத்தனை சண்டையை அவள் சத்தமில்லாமல் வெட்டி எறிந்திருக்கிறாள். இவனிடம் மேலும் அதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

"'ஆகஸ்ட்லயே வலிக்குதுன்னு சொன்னேன். இந்த ஒரு தடவை மட்டும்னு கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்ட. எம்புருஷன்கிட்டச் சொல்ல வேண்டியத ஊரான் கேமராவப் பாத்துச் சொல்ல வச்சிட்ட. நீ வந்து நின்னாலும் இனி ஒம்மூஞ்சில முழிக்க மாட்டேன்'னா."

எலாடியோ தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அது அவள்தான், சந்தேகமே இல்லை என்பதுபோல ஆட்டினான்.

"அப்புறம்?"

"அப்புறம் அழுதா. ரொம்ப நேரம். கேமராவ நிறுத்தட்டுமான்னு கேட்டேன், வேணாம்னா. கடைசியா ஒம்பேரச் சொன்னா. அவ்வளவுதான்."

"எப்படிச் சொன்னா?"

"எலாடியோன்னு."

"அது தெரியும். அவ சொன்ன மாதிரி சொல்லுங்க."

ஜோவிதா கண்ணை மூடினாள். அந்தக் குரல் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கரகரப்பு, நடுவில் வாங்கிய மூச்சு, கடைசி எழுத்தை இழுத்த இழுப்பு, எல்லாம் காதுக்குள் கேட்டது. வாயைத் திறந்து சொன்னாள். வெளியே வந்தது அவளுடைய சொந்தக் குரல்.

"இல்ல," என்றான் எலாடியோ. "இன்னொரு தடவை."

அவள் இன்னொரு தடவை சொன்னாள்.