மூன்றாம் கட்டத்துக் கொக்கி

...பிரவீன்குமார் எழுதியதுதான் இது, வேறு யார், சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன் அவன்தானே, வீட்டுக்காரி செந்தாமரை அங்கே பாட்டுக் குழுவில் சேர்ந்து ஆறு மாதம், அவள் பைபிளுக்குள் நாலாய் மடித்து இப்படியொரு காகிதம்... ஐந்து கோடுகள், மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி பென்சில் சுரங்கள், எழுத்து ஒன்றுகூட இல்லை, கள்ளத்தனத்துக்கு இதைவிடத் தோதான பாஷை உண்டா? சேரப்பணஞ்சேரியில் கம்பெனி பஸ் ஏறியதிலிருந்து பகலவனுக்கு இதே யோசனை. பன்னிரண்டு வருஷமாக வல்லம் வடகால் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங், மயிரிழைக் கீறல் தப்பாத கண், சொந்தப் பெண்டாட்டியைக் கண்டுபிடிக்க மட்டும் ஒரு ஆப் தேவைப்பட்டது, வெட்கக்கேடு... கையெழுத்துச் சுரங்களைப் படம் பிடித்தால் வாசிக்குமாம். வாசித்தது. எங்கேயோ கேட்ட மெட்டாக இருக்கிறதே, சர்ச்சில்தான், அவன்தான்... மூன்றாம் கட்டத்தில் விக்கல் போல ஒரு நிறுத்தம், அப்புறம் ஓட்டம். திரையில் அந்தக் கட்டம் சிவந்தது. தாளத்தில் ஒரு தட்டு அதிகம் என்றது ஆப். தொட்டதும் குற்றவாளியையும் காட்டியது, வளைந்த சின்னக் கொக்கி, 'சத்தமில்லாத தட்டு' என்று விளக்கம். டிஃபெக்ட்! சிவப்பைப் பார்த்தபின் அவன் கை சும்மா இருக்குமா, காதல் கடிதமே ஆனாலும் பிழையோடு போகலாமா... பென்சிலின் ரப்பர் முனையால் தேய்த்து, ஊதி, மறுபடி படம் பிடித்தான். எல்லாம் பச்சை. மெட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது.

பக்கத்து சீட்டில் தூங்கிய அடுத்த வீட்டு ஐயனார் ஒரு கண்ணைத் திறந்தான்.

"இன்னா மாமா, உன் விசிலையே ரிங்டோனா வெச்சிகினியா?"

"என் விசிலா?"

"டெய்லி பஸ் ஸ்டாப்புக்கு பைக்க எடுக்க சொல்ல அடிப்பியே, தெருவே எந்திரிக்கும். நடுவுல கிக்கர ஒதைக்க நிறுத்துவியே, அது எங்க? அது இல்லாம நல்லாவே இல்ல, போ."

அது எங்கே... காகிதத்தில் ஒரு சாம்பல் தேமல். அப்படியென்றால் எழுதியது அவளா, ஆறு மாதம் கற்றது இதற்கா, அடுப்படியில் நின்று அவன் உதையைக்கூட எண்ணிக்கொண்டு... எதற்கு, யாருக்கு, ஏன் சொல்லவில்லை? அவன் எப்போது கேட்டான்? முதல் படத்தைப் பார்த்துப் பார்த்து, குலுங்கும் பஸ்ஸில் அந்தக் கொக்கியைத் திரும்ப வரைந்தான். போனை நீட்டினான். சிவக்கட்டும், கர்த்தரே, ஒரே ஒரு தடவை சிவக்கட்டும், பன்னிரண்டு வருஷத்தில் இப்படி வேண்டிக்கொண்டதே இல்லை...

அவன் வரைந்த கொக்கியை ஆப் கண்டுகொள்ளவே இல்லை, கட்டம் பச்சையாகவே இருந்தது.