வெண்டெல் தூக்கிய கைகள்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நானே யோசித்தது என்று நீங்கள் வீணாக மரியாதை கொடுத்துவிடக் கூடாது. எங்கள் கல்லூரி மைதானத்தில் நானும் வெண்டெல் க்ராட்டும் சம்பளமில்லாத அஷர்கள். சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டமென்றால் காலையிலேயே கார் நிறுத்துமிடத்தில் யாரோ சுடும் சாஸேஜை ஓசியில் தின்றுவிட்டு, மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு ஜனங்களுக்கு இருக்கை காட்டுவோம். இதைவிடச் சந்தோஷமான வேலை எனக்கு வாய்த்ததில்லை. ஒரே நிபந்தனை: ஆட்டம் சூடுபிடித்தால் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, யாரும் வேலி தாண்டாமல் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

(பார்க்கவே முடியாத ஆட்டத்துக்கு எதற்குப் போகிறீர்கள் என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி.)

2

முதல் தொடக்கம்: “நவம்பர் குளிரில் அந்த மைதானம் ஒரு மாபெரும்…”

வேண்டாம்.

இரண்டாம் தொடக்கம்: வெண்டெலின் மகன் கோல்பி எங்கள் அணியில் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பதற்கென்றே இருக்கும் மூவரில் மூன்றாவது ஆள். முதல் இருவரின் கால்கள் நன்றாக இருக்கும்வரை இவனுக்குப் பெஞ்சுதான். படிப்பு முடியப்போகிறது, ஒருமுறைகூட உதைத்ததில்லை. அன்று கடைசி ஆட்டம். ஒருவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது, இன்னொருவனுக்குக் காய்ச்சல்.

சரி, இதுவே இருக்கட்டும்.

3

அன்று ஆள் போதவில்லை என்று எங்கள் இருவரையும் எதிரணி ரசிகர்கள் பக்கம் போட்டுவிட்டார்கள். எங்கும் பச்சைச் சட்டை. முன்வரிசையில் ஒரு பெரிய அம்மாள், பெயர் டார்லா.

“ஏம்ப்பா மஞ்சக் கோட்டு, உங்க டீம் இன்னைக்குக் காலி!”

“வாயால ஜெயிங்கம்மா, யார் வேணாங்கிறா? காலை மட்டும் படியிலேருந்து எடுங்க” என்றான் வெண்டெல்.

கடைசி நொடிகள். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி. ஒலிபெருக்கி கோல்பியின் பெயரைச் சொன்னது.

“திரும்பிப் பாருய்யா, ஒன் புள்ளை!” என்றேன்.

“டூட்டிப்பா. இவங்க மூஞ்சியிலயே தெரிஞ்சிரும்.”

(இந்த இடத்தில் வெண்டெலை நான் நம்பவில்லை. எந்த அப்பன் இப்படிச் சொல்வான்? ஆனால் சொன்னான்.)

4

நான் திரும்பிவிட்டேன். பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது. பச்சைக் கூட்டம் துள்ளி எழுந்தது.

மறுபடி பார்த்தபோது வெண்டெல் இரண்டு கைகளையும் உயரத் தூக்கி நின்றான். வருஷக்கணக்காக எங்கள் ரசிகர்கள் பக்கமே நின்றவன். எதிரே கூட்டம் துள்ளினால் நாம் ஜெயித்துவிட்டோம் என்று கை தானாக எழும்பிவிடும். நடுவர் வெற்றிக்குக் காட்டும் சைகையும் அதுதான்.

“அட, நீ நம்மாளா!” என்று டார்லா அவனைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது.

5

முடிவு ஒன்று: கையை இறக்கி, யாரும் பார்க்காமல் அழுகிறான். (மலிவு.)

முடிவு இரண்டு: “பையன் ஆடிட்டான்ல, அது போதும்” என்கிறான். (வெண்டெல் இவ்வளவு அழகாகப் பேசமாட்டான்.)

நடந்தது இவ்வளவுதான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கோல்பி வேலியோரமாக வந்தான். தூக்கிய கையோடே வெண்டெல் திரும்பினான். பையன் நிமிர்ந்து, பச்சைச் சட்டைகளுக்கு நடுவே கை தூக்கி நிற்கும் அப்பாவைப் பார்த்தான். இறக்கினால் மகன் தோற்றதை ஒப்புக்கொண்டது போல, இறக்காவிட்டால் அவனைக் கேலி செய்வது போல.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. கை மேலேதான் இருக்கிறது, பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்களே ஏதாவது செய்யுங்கள், சீக்கிரம்.